இருபத்தோராம் மைலில் ஒரு பனந்தூம்பு

ஓய்வு பெற்றோர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். நாலுவழிச் சாலை வரப்போகிறது, பழைய ரோட்டை அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் அதிலேயே கிடந்தீர்களே என்றார்கள். நான் எழுதிப் பழகியவன் அல்ல. மஸ்டர் ரோலில் கூலியாட்களின் பேர் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் போன வருஷத்து மலரைப் படித்தேன். அதில் எழுதிய எல்லாரும் நேர்மையாக உழைத்திருக்கிறார்கள். எல்லாரும் பெரிய மனிதர்களை எதிர்த்து நின்றிருக்கிறார்கள். அப்படியென்றால் ரோடுகள் ஏன் அந்த லட்சணத்தில் கிடந்தன என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அப்படி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ரோடு. வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டித் திருப்பனந்தாள் பக்கமாக வந்து, கும்பகோணத்து நெரிசலில் நுழைந்து வெளியேறி, தெற்கே கடற்கரை வரை போகிற ரோடு எங்களுடையது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஊர்களைச் சேர்க்கிற ரோடு. எங்களுக்கு அது வேறு. தஞ்சாவூர் ஜில்லாவில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. ரோடு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அதாவது போகிற வழியெல்லாம் அது தண்ணீருக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. மண்ணியாறு, காவிரி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு என்று பெரியவற்றுக்குப் பாலம் கட்டிவிட்டார்கள். வாய்க்கால்களுக்கு மதகு இருக்கிறது. அதற்கும் சிறியவற்றுக்குக் குழாய். இந்த ஊரில் ரோடு போடுவது முதலில் தண்ணீருக்கு வழி விடுகிற வேலை. ஜல்லியும் தாரும் அப்புறம்தான். இது தெரியாத ஆள் எவ்வளவு பெரிய இன்ஜினியரானாலும் நவம்பரில் மாட்டிக்கொள்வான்.

என் அப்பாவும் அம்மாவும் ஊர் மிராசுதாரின் பண்ணையில் வேலை செய்தவர்கள். நான் எட்டாவது முடித்துவிட்டு, சில காலம் வயல் வேலை செய்துவிட்டு, கேங் கூலியாக ரோட்டுக்கு வந்தேன். பள்ளத்தைச் சதுரமாக வெட்டி அடைக்கக் கற்றேன். ஜல்லிக் குவியலைப் பெட்டி வைத்து அளக்கக் கற்றேன். தார் கொதிக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்கவும், காலில் சாக்கைச் சுற்றிக் கட்டவும் யாரும் சொல்லித் தரவில்லை, சூடு பட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு மேஸ்திரி ஆனேன். இருபதாம் மைலிலிருந்து இருபத்து மூன்று வரை என் கையில்.

ஆட்சி மாறிய காலம் அது. கோட்டையில் யார் வந்தாலும் எங்களுக்குச் சுண்ணாம்பு வேலை. மதகுச் சுவர், மைல்கல் எல்லாவற்றிலும் கட்சிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொடி வரைந்துவிடுவார்கள். நாங்கள் வெள்ளையடிப்போம், அவர்கள் மறுபடி வரைவார்கள். வயல்களில் சிவப்புக் கொடி, கூலித் தகராறு, போலீஸ் லாரி. நிலத்துக்கு உச்சவரம்பு என்றார்கள். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டமும் வந்தது. சட்டம் வந்தது, எங்கள் தெருவுக்குப் பட்டா வரவில்லை. என் அப்பாவும் அம்மாவும் இருந்த குடிசை மிராசுதாரின் நிலத்திலேயே இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இன்ஜினியர் பேர் ஜெகதீசன். ஒல்லியான ஆள், சத்தமே போடமாட்டார். கூலிக்காரர்களைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்தக் காலத்தில் அது எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. வேலையைப் பார்க்க வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு ரோட்டில் குந்தி, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் கேட்பார். புதிதாய்ப் போட்ட ரோட்டின் நடு முதுகில் அதை மெதுவாக ஊற்றுவார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் வழிந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடுவார். எங்காவது தேங்கினால் அந்த இடத்தில் ஒரு கூழாங்கல்லை வைப்பார். அவ்வளவுதான். அந்தக் கல் இருக்கிற இடத்தை நாங்கள் பெயர்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். திட்டு வாங்குவதைவிட அந்தக் கல் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதைச் சொன்னாலும், "எழுதிக் குடுங்க" என்பார். "வாயால சொன்னது அடுத்த மழையில போயிடும் மேஸ்திரி. காகிதம்தான் நிக்கும்" என்பார்.

மழைக்காலத்தில் இருபத்தோராம் மைலில் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடும். பஸ் நின்றுவிடும். அங்கே ரோட்டை இரண்டரை அடி உயர்த்த உத்தரவு வந்தது. எஸ்டிமேட்டில் அந்த இடத்துக்கு ஒரு குழாய்கூட இல்லை. வரைபடத்தில் வாய்க்கால் இல்லை, அதனால் எஸ்டிமேட்டில் குழாய் இல்லை.

வாய்க்கால் இல்லைதான். ஆனால் தண்ணீர் இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லா வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் பாய்ந்து நிறைந்த தண்ணீர் வரப்பில் வெட்டிய வாமடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும், அங்கே நிறைந்து அதற்கடுத்த வயலுக்கு. அந்த இடத்தில் ரோட்டுக்கு மேற்கேயும் கிழக்கேயும் எங்கள் மிராசுதாரின் நிலம்தான். தன் வயலிலிருந்து தன் வயலுக்குத் தண்ணீர் போக அவர் யாரிடம் எழுதி வாங்க வேண்டும்? எந்தக் காலத்திலோ பனைமரத்தைப் பிளந்து குடைந்து ரோட்டுக்கு அடியில் குழாயாகப் போட்டுவிட்டார்கள். பனந்தூம்பு என்போம். மேற்கே கடைசி வயலில் வாமடையைத் திறந்தால் அந்தத் தூம்பு வழியாகக் கிழக்கே பாயும். எந்த ரிஜிஸ்டரிலும் அது இல்லை. ஏழு வருஷமாக நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அதில் அடைத்திருந்த தழையை என் கையாலேயே எடுத்துவிட்டிருக்கிறேன்.

பிறகு உச்சவரம்பில் கிழக்கே இருந்த நிலம் போயிற்று. அதில் காலகாலமாக உழைத்த எங்கள் தெருக்காரர்கள் பன்னிரண்டு குடும்பத்துக்கு அது வந்தது. இப்போது மேற்கே மிராசுதார், கிழக்கே கூலிக்காரர்கள், நடுவில் எங்கள் ரோடு. ரோட்டை உயர்த்தித் தூம்பை மூடிவிட்டால் கிழக்கே குறுவைக்குத் தண்ணீர் கிடையாது. நிலத்தைக் கொடுத்த சட்டம் தண்ணீரைக் கொடுக்க மறந்துவிட்டது. அந்த மறதி மிராசுதாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வேலை தொடங்கி, கிழக்குச் சரிவில் லாரி மண் கொட்டி அகலப்படுத்தினோம். தூம்பின் கிழக்கு வாய் அதில் புதைந்தது. கொட்டச் சொன்னவன் நான்தான், உத்தரவு அப்படி. மேற்கு வாயை மிராசுதாரின் காரியக்காரர் ஆள் வைத்து அடைத்து மேலே மண்ணோடு பெயர்த்த புல்கரணையைப் பதித்துவிட்டார். பிறகு ஒரு நாள் காலை குடையோடு என்னைத் தேடி வந்தார். அதுவரை என்னை 'டேய்' என்றே கூப்பிட்டவர்.

"என்ன மேஸ்திரி, சௌக்கியமா?" என்றார்.

"இருக்கேங்க" என்றேன்.

"அம்மாவுக்கு ஒடம்பு எப்படி இருக்கு? படுத்த படுக்கைன்னாங்க. ஒங்க குடிசையைப் பாத்தேன், கீத்தெல்லாம் இத்துப்போச்சு. மழைக்கு முன்னாடி மாத்திடணும். ஆண்டைகிட்ட சொல்லிக் கீத்து குடுக்கச் சொல்றேன்."

"சரிங்க" என்றேன்.

"நாளைக்கு இன்ஜினியர் வராராம். ஏதாச்சும் கேட்டாருன்னா, யோசிச்சு பதில் சொல்லுங்க."

மிரட்டல் என்று யாரும் சொல்ல முடியாது. கீற்று தருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பங்குனி வெயிலில் எல்லாரும் கூடினோம். தூம்பு வேண்டும் என்று கிழக்குப் பக்கத்துக்காரர்களும், அங்கே தண்ணீர்ப் போக்கே கிடையாது என்று காரியக்காரரும் மனு கொடுத்திருந்தார்கள். ஜீப்பின் மூக்கில் ரெவின்யூ சர்வேயர் வரைபடத்தை விரித்து நான்கு முனையிலும் ஜல்லி வைத்தார். ஜெகதீசன் சார் குனிந்து பார்த்தார். காரியக்காரர் குடை பிடித்து நின்றார். கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்காகப் பாக்கியம் அக்கா முன்னால் வந்தார். நடவு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர், எங்கள் தெருவில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள்.

"படத்துல வாய்க்கால் எதுவும் இல்லீங்களே" என்றார் ஜெகதீசன் சார்.

"படத்தைப் பாத்தா ஓடுதுங்க தண்ணி?" என்றார் பாக்கியம் அக்கா. சர்வேயர்கூடச் சிரித்துவிட்டார்.

காரியக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "பூமி ஒங்க பேருக்கு வந்து ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள பாசன உரிமை கேக்குதா?"

"பேருக்கு வந்து ஆறு மாசம். அந்த சேத்துல நாங்க நின்னு முப்பது வருசம். தூம்பு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்ங்க." இன்ஜினியரைப் பார்த்து, "இங்கதான் சாமி, இந்த மண்ணுக்கடியில. நாலு வெட்டு வெட்டச் சொல்லுங்க, தெரிஞ்சுடும்" என்றார்.

வெட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலை. ஆனால் ஜெகதீசன் சார் என் பக்கம் திரும்பினார்.

"வெட்ட வேண்டாம்மா. நம்ம மேஸ்திரி இந்த மைல்ல ஏழு வருஷமா இருக்கார். அவர் சொன்னா போதும்." பிறகு என்னிடம், "மேஸ்திரி, இந்த இடத்துல ரோட்டுக்குக் கீழ தண்ணி போகுமா?" என்று கேட்டார்.

காகிதம் கேட்கிற மனிதர் என் வாயை நம்பிக் கேட்டார். காரியக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, குடையின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கியம் அக்கா என்னை நேராகப் பார்த்தார். நான் பார்த்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். தழையை எடுத்துவிட்ட அன்று வரப்பில் நின்றவரே அவர்தான்.

"இல்லீங்க சார். நான் பாத்ததில்ல" என்றேன்.

பாக்கியம் அக்கா கத்தவில்லை. "சரி, மேஸ்திரி சொல்லிட்டாரு" என்று தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார். அன்று மதியம் ரோடு ரோலர் அந்த இடத்தின் மேல் எட்டு முறை போய் வந்தது. உள்ளே பனை நொறுங்குகிற சத்தம் இரண்டாவது தடவை கேட்டது. ரோலர் டிரைவர், "என்ன அண்ணே அது?" என்றார். "பழைய வேர்" என்றேன்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. மேற்கே குறுவை நட்டார்கள். கிழக்கே குடத்துத் தண்ணீரில் நாற்றங்கால் விட்டு, நாற்று வளர்ந்து, நடத் தண்ணீர் இல்லாமல் முற்றி, மஞ்சளாகி, கடைசியில் ஆடு மாடு மேய்ந்தது. சொந்த நிலத்தில் அவர்கள் போட வேண்டிய முதல் வெள்ளாமை அது. அந்தப் பன்னிரண்டு குடும்பத்தாரும் மறுபடி மிராசுதாரின் வயலுக்கே கூலிக்குப் போனார்கள். நான் அந்த ரோட்டில்தான் தினமும் சைக்கிளில் போக வேண்டும். பாக்கியம் அக்கா மேற்கு வயலில் நடவில் இருந்தால், நிமிர்ந்து, "மேஸ்திரி வராரு, வழி விடுங்கடி" என்பார். நடவுப் பெண்கள் சிரிப்பார்கள். வயலில் நிற்கிறவர்கள் ரோட்டுக்கு என்ன வழி விடுவது? என் அம்மாவின் குடிசைக்குப் புதுக் கீற்று வந்தது. அதன் கீழே எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சாப்பிட்டேன். தூங்கினேன். ஆனால் அந்த மைல் வந்தால் வேகமாக மிதிப்பேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் எங்கள் ரோடு அணையாக நின்றுகொண்டிருந்தது. பழைய ரோடு தாழ்வாக இருந்தபோது வெள்ளம் அதன் மேலேறிக் கிழக்கே போய்விடும். இப்போது ஏற வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. மேற்கே மிராசுதாரின் சம்பாப் பயிர் முழுக்க முங்கிக் கிடந்தது. கிழக்கே மழைத் தண்ணீரை நம்பி நட்ட பாக்கியம் அக்கா ஆட்களின் பயிர் முழங்கால் தண்ணீரில் பச்சையாக நின்றது.

காரியக்காரர் இருபது ஆட்களை மண்வெட்டியோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இந்த முறை மிராசுதாரும் வந்திருந்தார். எதிரே கிழக்குச் சரிவில் பாக்கியம் அக்காவும் மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டை ஒரே வெட்டாக வெட்டினால் மேற்கே தேங்கியது மொத்தமும் பாய்ந்து கிழக்குப் பயிரை அடித்துக்கொண்டு போய்விடும். வெட்டாவிட்டால் மேற்கே அழுகிவிடும். ஜீப் வந்தது. ஜெகதீசன் சார் இறங்கி, கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

"முன்னாடி இந்தத் தண்ணி எப்படி வடிஞ்சுது?" என்று பொதுவாகக் கேட்டார்.

காரியக்காரர் பின்னால் நகர்ந்துகொண்டார். இங்கே தண்ணீர்ப் போக்கே கிடையாது என்று மனு எழுதிக் கொடுத்தவர் அவர்தானே. மிராசுதார் வானத்தைப் பார்த்தார்.

"சார், இங்க பனந்தூம்பு இருந்துச்சு" என்றேன். "ஏழு வருஷமா பாத்திருக்கேன். அன்னிக்கு நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். "எங்க?" என்றார். காட்டினேன்.

அதன் பிறகு பேச்சில்லை, வேலைதான். காலியான தார் டிரம்களைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பக்க மூடியையும் உளியால் வெட்டி எடுத்தோம். ரோட்டில் பாதி அகலத்தை மட்டும் ஒடுக்கமாக வெட்டி, டிரம்களை வாயோடு வாய் வைத்து, சுற்றி மணல் மூட்டை அடுக்கி மூடினோம். பிறகு மறுபாதி. பஸ்ஸை ஒரு பக்கமாக விட்டோம். டிரம்முக்குள் போகிற அளவு தண்ணீர்தான் கிழக்கே இறங்கியது, பயிரை அடிக்காமல். பாக்கியம் அக்காவின் ஆட்களே கிழக்கே வரப்பை வெட்டி வெட்டித் தண்ணீரை வடிகாலுக்குக் கொண்டுபோனார்கள். வெட்டும்போது பழைய தூம்பு நசுங்கி, நாராகக் கிடைத்தது. அதன் அடிமட்டத்தில் ஜெகதீசன் சார் ஒரு முளை அடித்து, "இந்த மட்டம் மாறக் கூடாது" என்றார். அதைவிட உயரமாகக் குழாய் வைத்தால் வெள்ளம் வடியும், ஆனால் ஆனியில் பாசனத் தண்ணீர் ஏறாது. அவர் இரண்டையும் யோசித்திருந்தார்.

சாயங்காலம் ஜீப்பில் உட்காரவைத்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "எழுதிக் குடுங்க மேஸ்திரி. தூம்பு இருந்தது, பாத்தது, என்கிட்ட மறைச்சது, எல்லாம்."

"வேலை போயிடுமா சார்?"

"தெரியல. ஆனா இந்த இடத்துல தண்ணி போகுதுன்னு ஒரு காகிதம் வேணும். இப்ப ஒங்களுது ஒண்ணுதான் இருக்கு."

எழுதினேன். கீழே அவரும் இரண்டு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பித் தோண்டிப் பார்க்காமல் விட்டது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு மெமோ வந்தது, ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. அவருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் குழாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். அடுத்த கோடையில் அந்த முளையின் மட்டத்திலேயே சிமென்ட் குழாய் பதித்தோம். ரிஜிஸ்டரில் ஏறியது. யாரும் அதை எடுத்து எறிய முடியாதபடி எண் போட்டாயிற்று.

இந்த இடத்தில் நிறுத்தினால் நானும் மலரில் எழுதுகிற மற்றவர்களைப் போல நல்லவனாகிவிடுவேன். நிறுத்த முடியாது.

அந்த ஆனியில் தண்ணீர் வந்த நாலாம் நாள், குழாயில் சரியாகப் பாய்கிறதா என்று பார்க்கப் போனேன். மேற்கே கடைசி வயல் நிறைந்து, குழாயின் வாயில் நுரை கட்டி, கிழக்கே கொட்டிக்கொண்டிருந்தது. பாக்கியம் அக்கா குழாயடியில் சேற்றில் நின்று வாமடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்துத்தான் சைக்கிளை நிறுத்தினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

"நல்லா வருதாக்கா?"

"வருது."

"என்னோட காகிதத்த வச்சுதான் இந்தக் குழாயே வந்துச்சு. இன்கிரிமென்ட்கூட நிறுத்திட்டாங்க."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"தம்பி, ஒன்னப் பெத்தவங்க குடிசை அவன் எடத்துல இருக்குது, அது எனக்கும் தெரியும். என் குடிசையும் அங்கதான் இருக்குது. எங்க வயலுக்குத் தண்ணி பாயணும்னு கேட்டப்ப ஒனக்கு வாய் வரல. ஆண்டை வயல்ல தண்ணி வடியணும்னு வந்தப்பதான் வாய் தொறந்துச்சு."

மிராசுதாருக்குத் தேவைப்படாத ஒரு நாளில் அந்த உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

"ஆமாக்கா" என்றேன்.

அவர் அடுத்த வரப்பில் வாமடை வெட்டப் போய்விட்டார்.